ஏ.ஐ. வயதும் பிரியாணி வயதும்

கேள்வி: ஏ.ஐ. நேற்று முளைத்ததுதானே? அதற்குப் போய் ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்?
- வாசகர், நாகல்நகர், திண்டுக்கல்

பதில்: நேற்றா? உங்கள் ஊர்த் தலப்பாக்கட்டி பிரியாணிக்கும் அதற்கும் ஏறக்குறைய ஒரே வயது! நாகசாமி நாயுடு திண்டுக்கல்லில் தலப்பாக்கட்டியை ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டல் என்ற பெயரில் திறந்த அதே 1957-இல்தான், அமெரிக்காவில் ஃபிராங்க் ரோசன்பிளாட் ‘பெர்செப்ட்ரான்’ என்ற செயற்கை நரம்பு வலையை முன்வைத்தார். (அடுப்பை முதலில் பற்றவைத்தது யார் என்று கேட்காதீர்கள்.) பக்குவமும் ஒன்றுதான். உப்பு கரித்தால் மாஸ்டர் அடுத்த தேக்சாவில் குறைப்பார். காரம் போதாவிட்டால் மிளகைக் கூட்டுவார். பெர்செப்ட்ரானும் விடை தப்பினால், உள்ளே வரும் ஒவ்வொரு தகவலுக்கும் தந்திருக்கும் எடையைக் கொஞ்சம் கூட்டும் அல்லது குறைக்கும். ‘இயந்திரம் கற்கிறது’ என்று பீற்றிக்கொள்வது இந்தக் கூட்டல் கழித்தலைத்தான்.

ஆனால் பெர்செப்ட்ரான் போன்ற ஓரடுக்கு வலையால் சில எளிய கணக்குகளைக்கூடப் போட முடியாது என்று 1969-இல் மின்ஸ்கி, பேப்பர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் நிரூபிக்க, கூட்டம் கலைந்தது. பிழையைப் பின்னோக்கி அனுப்பிப் பல அடுக்குகளையும் திருத்தும் வழி 1986-இல் ஒரு கட்டுரையால் பிரபலமானது. அந்தக் கட்டுரையை எழுதிய மூவரில் ஒருவரான ஜெஃப்ரி ஹின்டனுக்கு 2024-இல் நோபல் கிடைத்தது. அதுவும் இயற்பியலுக்கு! கணினிக்கு நோபலே கிடையாது.