பில் மாமா

எங்கள் பக்கம் தோட்டத்துக்கு ஒரு பில் மாமா உண்டு. எட்டியாந்தோட்டைப் பக்கம் போனாலும் தெரணியகலைப் பக்கம் போனாலும் தப்ப முடியாது. லயத்தை விட்டு வெளியேறி, ரோட்டோரம் பத்து பேர்ச் காணி வாங்கி, ரெண்டு அறை வீடு கட்டி, தன் சொந்தப் பேரிலேயே கரண்ட் எடுத்தவர். அந்த ஒரு பில்லை வைத்துக்கொண்டு அவர் எங்களை ஆள்கிற மாதிரி எந்தப் பெரிய தொரையும் ஆண்டதில்லை.

கேகாலை டவுனில் போஸ்ட்பெய்ட் சிம் எடுக்கப் போகிறீர்கள். ரவுட்டர் எடுக்கப் போகிறீர்கள். தவணைக்கு ஒரு போன் பார்க்கிறீர்கள். கவுன்டரில் இருக்கிற பிள்ளை ஐடென்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பில்லிங் புரூஃப் இருக்கா?" என்று கேட்கும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட கரண்ட் பில்லோ தண்ணி பில்லோ வேண்டும். நாம் இருப்பதோ லயக் காம்பராவில். கடிதம் என்றால் தோட்ட ஆபீஸுக்கு வந்து, அங்கே கிடந்து, யாராவது இரக்கப்பட்டுக் கொண்டுவந்து கொடுத்தால் உண்டு. அப்புறம் என்ன, மாமா வீட்டுக்கு நடக்க வேண்டியதுதான்.

பில்லை உடனே எடுத்துக் கொடுத்தால் அவர் மாமா இல்லை. "உக்காரு" என்பார். அலுமாரிக்கு மேலே பைல், பைலுக்குள்ளே பொலித்தீன் உறை, உறைக்குள்ளே பில். அது நமக்கும் தெரியும். ஆனால் அவர் கை முதலில் நம் ஐடென்டிக்குத்தான் நீளும். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இலக்கத்தை வாசிக்கத் தொடங்குவார். பழைய அட்டை என்றால் அவருக்குக் கொண்டாட்டம். முதல் ரெண்டு இலக்கம் பிறந்த வருசம், அடுத்த மூன்றும் அந்த வருசத்தில் எத்தனையாவது நாள், பெண் பிள்ளை என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். இதையெல்லாம் அவர் மனதாலேயே கழித்துப் பார்த்து, "ஜூலை மாசம் பொறந்தவன்" என்று நமக்கே அறிவிப்பார். பிறகு கடைசி எழுத்து. வாக்குரிமை உள்ளவனுக்கு வி, இல்லாதவனுக்கு எக்ஸ் போட்ட காலம் அது. 2016-இலிருந்து வரும் பன்னிரண்டு இலக்க அட்டையில் எழுத்தே இல்லை. அந்த ருசி போனதில் மாமாவுக்குக் கொஞ்சம் வருத்தம்.

அட்டை முடிந்தால் விசாரணை.

"நீ யாரு மகன்?"

சொல்கிறோம்.

"ஆங். ஒங்க தாத்தா கோயில் திருவிழாவுக்கு எழுதுன காசக் கடைசி வரைக்கும் கட்டலையே?"

"தாத்தா செத்துப்போய் ரொம்ப வருசமாச்சு மாமா."

"அவரு செத்தாரு. கணக்கு சாகுமா?"

தாத்தாவில் தொடங்கி, அப்பா இடையில் விட்ட சீட்டுக்கு வந்து, சித்தப்பா கடைக் கொப்பியில் வைத்த பாக்கியைத் தொட்டு, அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய கதிரை திரும்பிப் போகும்போது ரெண்டு குறைந்ததில் வந்து நிற்பார். நாம் கேட்க வந்தது ஒரு போட்டோகொப்பி. இதற்குள் மாமி ஒரு பிளேன்டீயும் கொண்டுவந்து வைத்திருப்பார். அதைக் குடித்துவிட்டால் எழுந்து போகவும் முடியாது.

மாமாவைப் போலவே கடன் கணக்கு வைக்கக் கொழும்பில் கிரிப் என்று ஒன்று இருக்கிறது. இலங்கை கொடுகடன் தகவல் பணியகம் என்பது முழுப்பேர். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. தெற்காசியாவில் இந்த வகையில் இதுதான் முதல். "கிரிப்ல பேரு விழுந்துருச்சு" என்றால் எங்கள் பக்கம் பாதி இழவுச் செய்தி. உண்மையில் அது அத்தனை பொல்லாததில்லை. கறுப்புப் பட்டியல் என்று அங்கே எதுவும் கிடையாது. வங்கியும் பைனான்ஸ் கம்பனியும் அனுப்புகிற கணக்கை எழுதி வைக்கும். ஒழுங்காகக் கட்டியதும் இருக்கும், கட்டாததும் இருக்கும், அடுத்தவனுக்குப் பிணைக் கையெழுத்துப் போட்டதும் இருக்கும். கொடுப்பதா வேண்டாமா என்பது கடன் கொடுக்கிறவன் பாடு. நம்முடைய அறிக்கையை நாமே கேட்டு வாங்கலாம். பிழை இருந்தால் திருத்தச் சொல்லலாம்.

மாமாவின் பணியகத்தில் இந்த வசதியெல்லாம் இல்லை. எதிர்த்தரப்பு சொன்னதே வேதவாக்கு. கட்டி முடித்த கடனுக்கு அங்கே பதிவு கிடையாது, கட்டாததற்கு மட்டும்தான் உண்டு. கதிரை ரெண்டு குறைந்தது எங்களால் இல்லை, லொறிக்காரனால் என்று நான் எத்தனையோ தரம் திருத்தச் சொல்லிப் பார்த்துவிட்டேன். "அப்பிடியா" என்பார். அடுத்த தடவையும் ரெண்டு கதிரை குறையும்.

அவரைப் பற்றி இன்னும் சொல்லலாம். வானொலியில் மரண அறிவித்தல் ஒன்றுகூட விடமாட்டார். யாரைக் கண்டாலும் மருந்து சொல்லுவார். அதெல்லாம் எல்லா மாமாவும் செய்வதுதான்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். மாமா வீட்டு பில்லில் நிலுவை என்ற இடத்தில் ஒரு சதம் நின்று நான் பார்த்ததில்லை. 2022 ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் அடுத்தடுத்துக் கட்டணம் ஏறி, ஊரெல்லாம் சிவப்பு நோட்டீஸ் வந்த காலத்திலும் அவர் பில் வந்த கையோடு போய்க் கட்டினார். 60 யூனிட்டைத் தாண்டினால் விலைப் பட்டியலே மாறிவிடும் என்று பிரிட்ஜை நிறுத்தி, அதற்குள் மாமியின் சேலைகளை மடித்து வைத்தார். "நெலுவ நிக்கிற பில்லக் கொண்டு போனா ஒங்களத்தானே திருப்பி அனுப்புவான்" என்று ஒருநாள் வாய் தவறிச் சொன்னார். சொன்ன உடனே, அதைச் சரிக்கட்டுகிற மாதிரி, சித்தப்பாவின் கடைப் பாக்கிக்குத் தாவிவிட்டார்.

ஆனால் இந்த மனுசன் முன்னால் நாங்கள் ஏன் போய் உட்கார வேண்டும்? பல தோட்டங்களில் லயத்துக் கரண்டுக்கு ஆளுக்கொரு பில் இல்லை. தோட்டத்தின் பேரிலோ சங்கத்தின் பேரிலோ மொத்தமாக ஒன்று வரும். பிரித்து வீட்டுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்வார்கள், இல்லை சம்பளத்தில் வெட்டுவார்கள். அப்பாவும் அம்மாவும் வேலை செய்த காலம் முழுக்கக் கரண்டுக்குக் கட்டியிருக்கிறார்கள். கட்டினார்கள் என்று சொல்ல ஒரு துண்டுக் கடதாசி இல்லை. தீபாவளி முற்பணமும் அப்படித்தான். மாதாமாதம் சம்பளம் கைக்கு வருமுன்பே பிடித்துவிடுவதால், தவணை தவறாத கடன்காரன் யாரென்று கேட்டால் றப்பர் பால் வெட்டுகிற எங்கள் ஆட்களைத்தான் காட்ட வேண்டும். அந்த ஒழுங்கை எந்தப் பணியகத்துக்கும் யாரும் அனுப்புவதில்லை. ஆகவே கவுன்டரில் நாங்கள் நல்ல கடன்காரனும் இல்லை, கெட்ட கடன்காரனும் இல்லை, ஆளே இல்லை. 1948-இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்ததிலிருந்து, 1964 ஒப்பந்தம், 2003 சட்டம் என்று நாங்கள் இந்த நாட்டு ஆட்கள்தான் என்று காட்டக் கடதாசி சேர்த்த பரம்பரை இது. இப்போது ஒரு ரவுட்டருக்கும் சேர்க்கிறோம். கிராம சேவகர் சான்றிதழும் தோட்ட ஆபீஸ் கடிதமும் அரசாங்கத்துக்குப் போதும் என்றால் போன் கம்பனிக்கு மட்டும் ஏன் போதாது என்று கேட்டேன். "சிஸ்டம் எடுக்காது" என்றது கவுன்டர் பிள்ளை. அந்தப் பிள்ளையும் நம் பக்கத்துப் பிள்ளைதான். அதுவும் யாரோ ஒரு மாமாவின் பில்லில்தான் போன் எடுத்திருக்கும்.

பில் கொடுத்தால் மட்டும் போதாது, "மேற்படி நபர் என் வீட்டில் வசிக்கிறார்" என்று மாமா ஒரு கடிதமும் எழுதித் தர வேண்டும். அந்தக் கடிதங்களை நம்பினால் அந்த ரெண்டு அறை வீட்டுக்குள் ஒரு டிவிஷனே குடியிருக்கிறது.

போன மாதம் சித்தி மகளுக்குக் கம்பஸ் கிடைத்து, ஒன்லைன் வகுப்புக்கு ரவுட்டர் தேவைப்பட்டது. தாத்தா, சீட்டு, கதிரை எல்லாம் முடிந்து, பில் உறையை விட்டு வெளியே வந்தது. படிவத்தில் பில் உரிமையாளருக்கும் விண்ணப்பதாரிக்கும் உறவு என்ன என்று ஒரு கட்டம். முறைப்படி அவர் அவளுக்குப் பெரியப்பா. அவளும் அப்படியே எழுதப் போனாள்.

மாமா பேனாவைப் பிடுங்கிவிட்டார்.

"பெரியப்பான்னு போடாத புள்ள. ஒங்கப்பன் பேருக்கும் எம் பேருக்கும் ஏன் ஒத்துவரலைன்னு கேப்பான். மாமான்னு போடு. மாமாவுக்கு எவனும் புரூஃப் கேக்கிறதில்ல."