மஞ்சப் பை அண்ணாச்சி

மாதம் 19ஆம் தேதி ராத்திரி எட்டரைக்கு மேல் ஆடிட்டர் ஆபீஸ் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் நான் தலையை நிமிர்த்துவதில்லை. அண்ணாச்சிதான். கையில் ஜவுளிக்கடை மஞ்சப் பை. மறுநாள் ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் போடக் கடைசி நாள். பையை என் மேஜையில் கவிழ்ப்பார். பெயிண்ட் கம்பெனி பில், கரண்ட் ரசீது, யாரோ வீட்டுக் காதுகுத்துப் பத்திரிகை, மதினியின் சுகர் டெஸ்ட் ரிப்போர்ட், இரண்டு விரலி மஞ்சள்.

"பாத்துப் போட்டுக்கிடு தம்பி. மிச்சத்த ஆடிட்டர் பாத்துக்கிடுவாரு."

நான் அங்கே கணக்கெழுதுகிறவன். இவரைப் போல இருபது பேரையாவது பார்த்தாயிற்று. ஹார்டுவேர், பாத்திரக்கடை, பேன்ஸி ஸ்டோர் என்று போர்டு மாறும், பை மாறாது.

அண்ணாச்சியைக் கடையில் வைத்துப் பார்க்க வேண்டும். ஐந்நூறு ரூபாய்த் தாள் கொடுத்தால் ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். கால் கிலோ ஆணி கேட்டால், தட்டில் கடைசியாக விழுந்த இரண்டு ஆணியைத் திரும்ப எடுத்து டப்பாவில் போடுவார். சிமெண்ட் இறங்கினால் மூட்டையை அவர் எண்ணி, பையன் எண்ணி, மறுபடி அவர் எண்ணுவார். சொந்த மச்சானிடம்கூடக் கல்லாச் சாவியைக் கொடுத்ததில்லை.

அப்படிப்பட்டவரின் ஜிஎஸ்டி பாஸ்வேர்டு தினசரி காலண்டர் அட்டையில், முருகன் படத்துக்குக் கீழே, பேனாவால் எழுதித் தொங்குகிறது. ஓடிபி போகிற செல் நம்பரும் இமெயிலும் 2017இல் ரிஜிஸ்டர் பண்ணிக் கொடுத்த பையனுடையவை. அவன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய் ஆறு வருஷம் ஆகிறது. மாதாமாதம் 20ஆம் தேதி அவனைப் போனில் பிடித்து, மிஷின் சத்தத்துக்கு நடுவே ஆறு எண்ணைக் கேட்டு வாங்குவேன். ஒரு தடவை அவனுக்குப் பெண் பார்க்கிற வீட்டில் இருந்துகொண்டு சொன்னான்.

"வருமான வரி ரீஃபண்ட் தயார், லிங்கை அழுத்தவும்" என்று ஒரு மெசேஜ் வந்தபோது அண்ணாச்சி ஆடிட்டரைக் கேட்கவில்லை, அழுத்திவிட்டார். கட்டாத வரிக்கு ரீஃபண்ட் எப்படி வரும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். பதினான்காயிரம் போனது.

வாடிக்கையாளர் பில் கேட்டால் அண்ணாச்சிக்கு அவர் மேல் இரக்கம் வந்துவிடும். "போடுதேன். ஆனா பதினெட்டு ஏறுமே, ஒங்களுக்குத்தான் நஷ்டம்" என்பார். பிறகு 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த துண்டுச் சீட்டில் கணக்கு வரும். கல்லா மேல் கியூஆர் அட்டை இரண்டு. பில் போட்ட காசுக்குக் கடைக் கணக்கு, எஸ்டிமேட் காசுக்கு மதினியின் சேமிப்புக் கணக்கு. மதினியின் பான் நம்பரும் கம்ப்யூட்டருக்குள்தான் இருக்கிறது என்று சொன்னால், "அவ வீட்ல இருக்கவடே, அவளுக்கு என்ன வரி?" என்பார்.

2025 ஜூலையில் கர்நாடகத்தில் யுபிஐ வரவை வைத்துச் சின்னக் கடைகளுக்கெல்லாம் நோட்டீஸ் போனது. ஹாவேரியில் ஒரு காய்கறிக் கடைக்காரருக்கு, நாலு வருஷத்தில் 1.63 கோடி ரூபாய் வந்திருக்கிறது, 29 லட்சம் கட்டு என்று கேட்டிருந்தார்கள். பச்சைக் காய்கறிக்கு வரியே கிடையாது என்பது வேறு கதை. பெங்களூரில் பல கடைகள் 'நோ யுபிஐ' என்று எழுதி ஒட்டின. செய்தி பார்த்த அன்றே அண்ணாச்சி மதினியின் அட்டையைக் குப்புறப் போட்டார். இரண்டு நாள் ஆட்கள் எதிர்க்கடைக்குப் போனார்கள். மூன்றாம் நாள் அட்டை நிமிர்ந்துவிட்டது.

சட்டம் தெரியாதவர் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. ஒரே ஆளுக்கு ஒரே நாளில் பத்தாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரியில் செலவாக ஏற்கமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே ஒரே ஆளுக்கு, ஒரே தேதியில், 9,900 ரூபாய்க்கு ஐந்து வவுச்சர் வைத்திருப்பார். ஐந்திலும் ஒரே பேனா. ஒன்றில் டீ டம்ளர் வட்டம். அந்த வட்டத்தின் மீதி அடுத்ததில்.

இந்த மூளையைத் தேடித்தான் மூன்று வருஷத்துக்கு முன் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் டைரியோடு வந்தார். "சரக்கு வேண்டாம் அண்ணாச்சி, பில்லு மட்டும்." பத்து லட்சத்துக்குக் கம்பி பில். கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள இன்புட் 1,80,000. கமிஷன் நாற்பதாயிரம் கேட்டதை அண்ணாச்சி பேரம் பேசி முப்பதுக்குக் கொண்டுவந்தார். அந்தப் பெருமை இன்றும் உண்டு. ஜிஎஸ்டி நம்பரையும் சரிபார்த்தாராம். "33ல ஆரம்பிச்சிருந்துச்சுடே, நம்ம தமிழ்நாடுதான்." மிச்சம் பதின்மூன்று எழுத்தையும் சேர்த்துப் போர்ட்டலில் தட்டியிருந்தால், அந்தக் கம்பெனி பிறந்து மூன்று வாரமே ஆகிறது என்று அதுவே சொல்லியிருக்கும். நோட்டை ட்யூப்லைட்டில் பார்க்கிறவர்!

எங்களிடம் பர்ச்சேஸ் பில் என்றே மஞ்சப் பையில் வந்தது. விற்றவர்கள் காட்டும் பில்கள் சேரும் 2பி பட்டியலிலும் ஏறியிருந்தது. இன்புட்டை எடுத்துவிட்டோம்.

அந்தப் பில் போலி என்று ஜிஎஸ்டி ஆபீசிலிருந்து முதலில் முன்னறிவிப்பு வந்தது. அப்போதே வரியையும் வட்டியையும் கட்டியிருந்தால் அபராதம் 15 சதவீதத்தோடு போயிருக்கும். பிறகு நோட்டீஸ், கெடுவுக்குள் கட்டினால் 25. பிறகு ஆர்டர், அதற்கும் ஒரு கெடு, 50. அதையும் விட்டால் முழுசு. மூன்றும் போர்ட்டலிலும் திருப்பூர் பையனின் பழைய இமெயிலிலும் பத்திரமாக இருந்தன. தபால்காரர் வராததால் அண்ணாச்சிக்கு வழக்கே இல்லை. நாங்களும் பார்க்கவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். 3பி போட, போர்ட்டலில் நோட்டீஸ் இருக்கும் பக்கத்துக்குப் போக வேண்டியதே இல்லை. ஒரு 19ஆம் தேதி ராத்திரி, தற்செயலாக விரல் பட்டுத் திறந்தது. ஆர்டர் கெடு முடிய நாலு நாள்.

படித்துக் காட்டினேன். 16 டன் கம்பி ஒரே நடையில் வந்ததாக இ-வே பில். அதிலிருந்த வண்டி நம்பர் ஒரு மொபெட்டுடையது. அண்ணாச்சி கேட்ட ஒரே கேள்வி: "எந்த ஊர் வண்டி?"

வரி 1,80,000. இரண்டு வருஷ வட்டி, 18 சதவீதம், 64,800. அபராதம் 90,000. ஆக 3,34,800. கால்குலேட்டரை என்னிடமிருந்து வாங்கி, சிமெண்ட் மூட்டை மாதிரி மூன்று தடவை கூட்டிப் பார்த்தார். மறுநாள் கட்டினோம். ரசீது பிரிண்டரில் வெளியே வந்ததும் அதைத் தூக்கி ட்யூப்லைட்டில் பார்த்தார். நாலாக மடித்துப் பாக்கெட்டில் வைத்தார். படி இறங்கியவர், பாதியில் நின்று மேலே ஏறி வந்தார்.

"தம்பி, இதுக்கு இன்புட் எடுக்கலாம்லா?"