சட்டப்படி ஒரு ஆப்பிள் பை

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஆப்பிள் பை என்பது சட்டசபை சம்பந்தப்பட்ட விஷயம். 1999-ல் அதை மாநிலத்தின் பை என்று அறிவித்த கையோடு, எப்படிப் பரிமாற வேண்டும் என்றும் எழுதிவைத்துவிட்டார்கள். கூடவே ஒரு கிளாஸ் குளிர்ந்த பால், அல்லது குறைந்தது அரை அவுன்ஸ் செடார் சீஸ், அல்லது பெரிய கரண்டி வெனிலா ஐஸ்கிரீம். இதற்கு நல்லெண்ணத்தோடு முயற்சி செய்ய வேண்டுமாம். அரை அவுன்ஸ் என்றால் சுமார் 14 கிராம். 13 இருந்தால் தராசோடு யார் வருவார்?

வீட்டில் எல்லாவற்றையும் தானே செய்து சுடுகிறவரின் அவஸ்தையோ வேறு. வெண்ணெய் உருகாமல், மாவுக்குள் பட்டாணி அளவுக் கட்டிகளாகவே நிற்க வேண்டும். ஐஸ் தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாகத் தெளிக்க வேண்டும். கைச்சூடு ஏறினால் மேலோடு அடுக்கடுக்காக உதிராது, பலகையாகிவிடும். ஆப்பிள் விட்ட சாற்றில் அடிப்பக்கம் சொதசொதவென்று ஊறிப்போவது தனிக்கதை. இதற்கெல்லாம் சட்டத்தில் ஒரு வரி நிவாரணம் கிடையாது. பாலுக்கும் சீஸுக்கும் ஐஸ்கிரீமுக்கும் மட்டும் தலா ஒரு ஷரத்து. வெர்மான்ட் பால்பண்ணைக்குப் பேர்போன மாநிலம் என்று இந்த இடத்தில் சொன்னால், விஷமம் என்பார்கள்.