குளத்துத் தவளைக்கு உப்பு எங்கிருந்து?

கேள்வி: உப்புக் கரிக்காத குளத்தில் நாள் முழுக்க ஊறிக் கிடக்கிறதே தவளை, அதன் உடம்பிலுள்ள உப்பெல்லாம் கரைந்து போய்விடாதா?

பதில்: போகத்தான் பார்க்கிறது, தவளையின் தோல் விட்டால்தானே! குளத்து நீரைவிடத் தவளை ரத்தத்தில் சோடியம் பல மடங்கு அதிகம். சிறுநீரோடு கொஞ்சம் போகும், தோல் வழியாகவும் கசியும். இழந்ததை அதே தோல் குளத்திலிருந்தே மீட்டுவிடுகிறது.

மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற மோட்டார் வேண்டும் அல்லவா? தோல் செல்லில் ரத்தத்தை நோக்கிய பக்கத்திலும் அப்படி ஒரு பம்பு உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சோடியம் அயனிகளை ரத்தத்தின் பக்கம் தள்ளி, இரண்டு பொட்டாசியம் அயனிகளைச் செல்லுக்குள் இழுக்கும். கூலி, செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறு ஒன்று. இதனால் செல்லுக்குள் சோடியம் குறைகிறது. வெளிப்பக்கத்து நுண்வாயில்கள் வழியே புதுச் சோடியம் நுழைகிறது.

கோபன்ஹேகனில் ஹான்ஸ் உஸ்ஸிங் என்ற உடலியல் ஆய்வாளர் இதை அளந்தே காட்டினார். தவளைத் தோலை நடுவே வைத்து, இருபுறமும் ஒரே உப்புக் கரைசலை ஊற்றி, மின்னழுத்த வேறுபாட்டையும் பூஜ்யமாக்கினார். அப்போதும் சோடியம் உள்நோக்கியே நடந்தது, தோல் வழியே மின்னோட்டமும் பாய்ந்தது! அந்த மின்னோட்டம் முழுவதும் சோடியத்தின் நடைதான் என்று 1951-இல் அவரும் சக ஆய்வாளர் ஸெரானும் நிறுவினார்கள்.

நம் சிறுநீரகக் குழாய்களின் கடைசிப் பகுதி சோடியத்தை மீட்பதும் இதே வகை வாயிலாலும் பம்பாலும்தான். இரண்டிலும் அந்த வாயிலை அடைக்கும் மருந்து அமிலோரைடு.

இன்று கைட்ரிட் என்னும் பூஞ்சை தவளைத் தோலின் இந்த வேலையைக் கெடுக்கிறது. ரத்தத்தில் உப்புகள் குறைந்து இதயமே நின்றுவிடவும் கூடும். தவளைக்குத் தோல் வெறும் போர்வையல்ல, உயிர். அந்தத் தோல் உப்பை எடுப்பதும் குளத்து நீரிலிருந்துதானே! எனவே தவளையைக் காப்பது என்றால், அது வாழும் நீரையும் காக்க வேண்டும்.