மைலோ டின்னில் கை விடும் வரிசை: ஓர் ஆய்வு

நிகழ்தகவு கற்பிக்கும் பள்ளிப் புத்தகங்கள் பையிலிருந்து சிவப்புப் பந்தையோ நீலப் பந்தையோ எடுக்கச் சொல்கின்றன. மலேசிய மலைப்பகுதியில் ஹாபு முதல் சுங்கை பாலாஸ் வரை எந்தத் தேயிலைத் தோட்டத்திலும் சிவப்புப் பந்துக்காக எவரும் மல்லுக்கு நின்றதாகச் சான்று இல்லை. கூட்டுச் சீட்டு என்றால் கதை வேறு. எனவே இவ்வாய்வு பந்தை விட்டுச் சீட்டை எடுத்துக்கொள்கிறது. (மலேசியாவில் 1971ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டு நடத்துவதைத் தடை செய்கிறது. ஆகவே கீழ்வரும் அக்காமார் யாவரும் கற்பனை.)

பன்னிரண்டு பேர், தலைக்கு மாதம் 100 வெள்ளி; சேரும் மொத்தம் மாதம் ஒருவருக்கு. முதல் மாதத்து 1,200 வெள்ளி கூட்டுப் பிடிக்கும் அக்காவுக்கு. இதன் நிகழ்தகவு 1. மறுப்பவரைக் கூட்டில் சேர்ப்பதில்லை. மற்றப் பதினோரு மாதங்களும் கிழித்த நாள்காட்டித் தாளில் எழுதப்பட்டு, நான்காக மடிக்கப்பட்டு, மைலோ டின்னுக்குள் போகும். எல்லாருக்கும் வேண்டியது தீபாவளி மாதம்.

“போன வாட்டியும் நீதானே முதல்ல எடுத்த? இந்த வாட்டி நான்.”

கணிதம் இந்தச் சண்டையை ஏற்பதில்லை. முதலில் எடுப்பவருக்கு வாய்ப்பு 1/11. இரண்டாமவருக்குக் கிடைக்க வேண்டுமானால் முதலாமவர் தவறவிட வேண்டும் (10/11). மீதிப் பத்தில் அது இவர் கையில் சிக்க வேண்டும் (1/10). பெருக்கினால் அதே 1/11. டின்னுக்குள் கையே விடாமல், மிஞ்சியதை வாங்கிக்கொள்ளும் கடைசிப் பாட்டிக்கும் 1/11தான். இருவர் எடுத்துப் பிரித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கிய பிறகு மூன்றாமவரின் வாய்ப்பு 1/9 ஆகிவிடும் என்பது உண்மை. அப்போது அவருக்கு ஏறும் படபடப்பு கணிதத்துக்கு முழுவதும் உடன்பட்டதே.

ஆனால் இவை எல்லாம் சீட்டுகள் நன்றாகக் கலந்திருந்தால் மட்டும். அமெரிக்க அரசே இதில் சறுக்கியிருக்கிறது. 1969 டிசம்பர் 1 அன்று, வியட்நாம் போர்க்காலத்தில், இளைஞரைப் படைக்கு அழைக்க 366 பிறந்த தேதிகளைக் குலுக்கினார்கள். மாதவாரியாகப் போட்ட குப்பிகள் சரியாகக் கலக்காததால், ஆண்டின் கடைசி மாதங்களில் பிறந்தவர்கள் பலருக்கு முன்வரிசை எண் விழுந்தது. நம் கூட்டு நடக்கும் தானா ராத்தாவோ 1,400 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அந்தப் பனிமூட்டத்தில் தாள் நமத்துப் போகும், ஒன்றோடொன்று ஒட்டும். கூட்டு ஜனவரியில் தொடங்கியிருந்து, மாத வரிசையில் எழுதிப் போட்டால் டிசம்பர் மேலே கிடக்கும்; தீபாவளி அதற்குச் சற்று அடியில். அக்கா டின்னை ஆட்டுவது பெரும்பாலும் ஓசைக்காக. ஆக, முதலில் கை விடத் துடிப்பவரைக் கணக்குத் தெரியாதவர் என்று தள்ள முடியாது. டின்னைத் தெரிந்தவர் அவர்.

பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) இதற்கு வழி சொல்கின்றன: பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டுக் குலுக்கி, விவரம் அறியாத சிறுவனைக் கொண்டு எடுக்க வேண்டும். தோட்டத்து லயத்திலும் இம்முறை பரிந்துரைக்கப்பட்டது. அங்கே விவரம் அறியாதவனாகக் கிடைத்த ஒரே சிறுவன் கூட்டுப் பிடிக்கும் அக்காவின் பேரன். அக்காவின் தங்கைக்கும் அந்தக் கூட்டில் ஒரு பங்கு இருக்கிறது.