அங்கீகாரம் வந்தது, பிள்ளைகள் குறைந்தார்கள்

எண்பதுகளில் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில், சோள வயல்களுக்கு நடுவே இருந்த ஒரு சிறு கல்லூரியில் வேதியியல் ஆசிரியராகச் சேர்ந்தேன். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்தவன் என்பதால் செங்கல் கட்டடங்களும் மரத்தடி நிழலும் எனக்குப் புதியவை அல்ல. கல்லூரி அவ்வளவு சிறியதாக இருந்ததுதான் புதிது. மொத்த மாணவர் எண்ணிக்கை ஆயிரத்தைத் தொடாது. கல்லூரித் தலைவர் மதியச் சாப்பாட்டுக்கு மாணவர்களோடு வரிசையில் நிற்பார். எந்தப் பையனுடைய அப்பா வேலை இழந்திருக்கிறார் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

ஆசிரியர் அறை மேசையில் ஒரு செய்திமடல் கிடக்கும். வாஷிங்டனில் இருக்கும் ‘கவுன்சில் ஆஃப் இண்டிபென்டன்ட் காலேஜஸ்’ என்ற சங்கம் அனுப்புவது. எங்களைப் போன்ற தனியார் சிறு கல்லூரிகள் சேர்ந்து நடத்தும் சங்கம் அது. டீன்கள் எங்கே கூடினார்கள், எந்த ஊரில் கோடைப் பயிலரங்கு நடக்கிறது, யாருக்கு எந்த அறக்கட்டளையின் உதவி கிடைத்தது என்று செய்திகள் இருக்கும். பெரிய பத்திரிகைகள் எட்டிப் பார்க்காத ஊர்களின் கல்லூரிகள் அதில் பெயரோடு வரும். நான் அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பேன்.

அந்தச் சங்கம் எப்படிப் பிறந்தது என்பதை மூத்த ஆசிரியர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். 1955 டிசம்பரில் ஃபோர்டு அறக்கட்டளை கல்லூரிகள், மருத்துவமனைகள், மருத்துவக் கல்லூரிகள் மூன்றுக்குமாக 50 கோடி டாலர் தருவதாக அறிவித்தது. அதில் 21 கோடி தனியார் கல்லூரி ஆசிரியர்களின் சம்பளத்தை உயர்த்துவதற்கு. ஆனால், தர அங்கீகாரம் பெற்ற கல்லூரிக்குத்தான் பணம். நூலகத்தில் போதிய புத்தகம் இல்லை, முனைவர் பட்டம் பெற்ற ஆசிரியர்கள் போதவில்லை என்பதால் பல சிறு கல்லூரிகளுக்கு அங்கீகாரம் கிடைக்கவில்லை. அங்கீகாரம் இல்லாததால் நன்கொடை வரவில்லை. நன்கொடை இல்லாமல் புத்தகம் வாங்குவது எப்படி, ஆசிரியரை வைப்பது எப்படி? இந்த வட்டத்தை உடைக்கத்தான் சிறு கல்லூரிகளின் தலைவர்கள் 1956இல் ‘கவுன்சில் ஃபார் தி அட்வான்ஸ்மென்ட் ஆஃப் ஸ்மால் காலேஜஸ்’ என்ற பெயரில் சங்கம் தொடங்கினார்கள். 1981இல் இப்போதைய பெயர் வந்தது.

அன்றைக்கு அவர்களிடம் இல்லாதது சான்றிதழ்தான். பிள்ளைகளுக்குப் பஞ்சமே இல்லை. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பியவர்களை அரசாங்கமே செலவு செய்து கல்லூரிக்கு அனுப்பியது. போருக்குப் பின் பிறந்த பெரும் தலைமுறை அறுபதுகளில் வாசலுக்கு வந்து நின்றது. விடுதியில் கட்டில் போட இடமில்லாமல் உடற்பயிற்சிக் கூடத்தில் மாணவர்களைப் படுக்க வைத்ததாக எங்கள் கல்லூரியின் பழைய ஆட்கள் சொல்வார்கள்.

இந்தக் கல்லூரிகளை நான் வெளியாளாக ஒருநாளும் பார்த்ததில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. நியூ ஹாம்ப்ஷையர் மாநிலத்தில் டார்ட்மத் என்ற சிறு கல்லூரி. அங்கே 1811இல் பட்டம் பெற்ற டேனியல் பூவர் 1816இல் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தார். 1823இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரிக்குத் தலைவரானார். பிறகு மதுரைக்கு வந்து பள்ளிக்கூடங்கள் திறந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரும், பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்துக் காத்தவருமான சி.வை. தாமோதரம்பிள்ளை அந்த வட்டுக்கோட்டையில் படித்தவர்தான். பூவர் யாழ்ப்பாணத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த நாளில் நியூ ஹாம்ப்ஷையர் அரசு டார்ட்மத்தைத் தன் கைக்குள் கொண்டுவரப் பார்த்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தனியார் கல்லூரியின் சாசனத்தை அரசு தன் விருப்பத்துக்கு மாற்ற முடியாது என்று 1819இல் தீர்ப்பு வந்தது. அமெரிக்காவில் சிறு கல்லூரிகள் தங்கள் காலில் நிற்பதற்கு அந்தத் தீர்ப்புதான் அடிப்படை.

சங்கத்தால் என் வீட்டுக்கும் நன்மை வந்தது. உறுப்பினர் கல்லூரி ஊழியர்களின் பிள்ளைகள் வேறொரு உறுப்பினர் கல்லூரியில் படிப்புக் கட்டணம் இல்லாமல் சேர்ந்து படிக்கலாம் என்று ஒரு பரிமாற்றத் திட்டம் இருக்கிறது. என் மகள் பள்ளி முடித்ததும், “அப்பா, நீங்க இருக்கிற காலேஜ் மட்டும் வேண்டாம். அங்க எல்லாருக்கும் என்னைக் குழந்தையிலேர்ந்து தெரியும்” என்றாள். வேறு மாநிலத்தில் ஒரு சிறு கல்லூரியில் இடம் கிடைத்தது. விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும் கட்டினோம். ஓர் ஆசிரியரின் சம்பளத்தில் அது எவ்வளவு பெரிய உதவி என்பதை நான் இன்றும் நன்றியோடு சொல்லுவேன்.

இப்போது செய்திமடலைக் கணினியில் படிக்கிறேன். நல்ல செய்திகள் இன்னும் வருகின்றன. ஜனவரியில் கல்லூரித் தலைவர்கள் கூடும் மாநாடு தொடர்கிறது. ஒரு கல்லூரியில் இல்லாத பாடத்தை இன்னொரு கல்லூரியிலிருந்து இணையவழி படிக்கும் ஏற்பாடும் வந்திருக்கிறது. அது மிகச் சரியான வேலை என்பேன். ஆனால், நிர்வாகிகள் பேச்சில் இப்போது அடிபடும் சொற்கள் வேறு: இணைப்பு, கடன், சேர்க்கைச் சரிவு.

நியூயார்க் மாநிலத்தில் 1868இல் தொடங்கிய வெல்ஸ் கல்லூரி 2024 ஏப்ரல் கடைசியில் மூடும் முடிவை அறிவித்து அந்தப் பருவத்தோடு மூடியது. இலினாயில், ஆபிரகாம் லிங்கன் உயிரோடிருந்தபோதே அவர் பெயரைச் சூட்டிக்கொண்ட லிங்கன் கல்லூரி, கொரோனாவிலும் ஓர் இணையத் தாக்குதலிலும் நொறுங்கி 2022 மே மாதம் மூடியது. அலபாமாவின் பர்மிங்ஹாம் சதர்ன் கல்லூரி 2024 மே 31 அன்று மூடப்பட்டது. அதே நாளில் அதன் பேஸ்பால் அணி ஒஹையோவில் தேசியப் போட்டியில் ஆடிக்கொண்டிருந்தது. கல்லூரி இல்லாமல் போன பின்னும் அந்தப் பையன்கள் அதன் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆடினார்கள்.

காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். 2008க்குப் பிறகு அமெரிக்காவில் பிறப்பு குறைந்தது. பள்ளி முடிக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை 2025இல் உச்சத்தைத் தொட்டு இறங்கும் என்று கணித்திருக்கிறார்கள். இருக்கும் பிள்ளைகளை இழுக்கக் கல்லூரிகள் சலுகையை ஏற்றிக்கொண்டே போகின்றன. 2023-24இல் தனியார் கல்லூரிகள் முதலாண்டு மாணவர்களுக்கு அறிவித்த கட்டணத்தில் சராசரியாக 56 விழுக்காட்டைத் தள்ளுபடியாகக் கொடுத்தன. அதாவது, நூறு ரூபாய் என்று எழுதி வைத்து நாற்பத்து நான்கு வாங்குகிறார்கள். கட்டணம் ஏறுகிறது என்று ஊர் பேசுகிறது; கல்லூரிக் கையில் பணம் ஏறவில்லை.

எனக்கு நெஞ்சு பொறுக்காத இடம் இதுதான். அன்றைக்கு அங்கீகாரம் இல்லாததால் பணம் வரவில்லை. இன்றைக்குப் பணம் இல்லை என்பதாலேயே அங்கீகாரம் போகிறது. நிதிநிலை உறுதியாக இல்லை என்றால் தர அமைப்பு எச்சரிக்கிறது, பிறகு விலக்குகிறது. எந்தச் சான்றிதழுக்காக அந்தத் தலைவர்கள் 1956இல் கைகோத்தார்களோ, அதைப் பெற்று, பாடத்தில் குறையே இல்லாத கல்லூரிகள் வகுப்பறையில் ஆளில்லாமல் தோற்கின்றன.

நான் ஓய்வு பெறும் சமயம், எங்கள் பக்கத்துக் கல்லூரி ஒன்று மூடியது. அங்கே படித்தவர்கள் சிலர் எங்களிடம் வந்தார்கள். அவர்கள் முடித்த பாடங்களை எங்கள் பாடத்திட்டத்தோடு பொருத்தும் வேலை என்னிடம் வந்தது. ஒரு பெண் தன் ஆய்வக நோட்டுகள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்திருந்தாள். ஒவ்வொரு பக்கத்திலும் அவளுடைய ஆசிரியர் சிவப்பு மையில் எழுதியிருந்தார். எடையில் எங்கே பிழை, அடுத்த முறை எப்படிச் செய்யலாம், எந்தப் புத்தகத்தில் பார்க்கலாம் என்று. முந்நூறு பேர் உட்காரும் வகுப்பில் எந்த ஆசிரியருக்கும் அப்படி எழுத நேரம் இருக்காது. அவளுடைய மதிப்பெண்களை எங்கள் பதிவேட்டில் ஏற்றிவிட்டேன். “இனிமேல் எந்தக் கல்லூரியில் படித்தேன் என்று கேட்டால் நான் என்ன சொல்வது?” என்று அவள் கேட்டாள். இரண்டையும் சொல், மூடிய கல்லூரியை முதலில் சொல் என்றேன். அந்தச் சிவப்பு மைக்காரருக்கு அப்போது வேலை இல்லை.

முடிவு முன்பே எழுதப்பட்டது என்று நான் நம்பவில்லை. வர்ஜீனியாவில் ஸ்வீட் பிரையர் என்ற பெண்கள் கல்லூரியை மூடுவதாக 2015 மார்ச்சில் நிர்வாகம் அறிவித்தது. பழைய மாணவிகள் வழக்குத் தொடுத்தார்கள், பணம் திரட்டினார்கள், சில மாதங்களில் கல்லூரியை மீட்டார்கள். பிறகு அது தன் கட்டணத்தைத் துணிந்து குறைத்தது. இன்றும் நடக்கிறது. பொய்யான பெரிய கட்டணத்தையும் பெரிய தள்ளுபடியையும் விட்டு, நேரான விலையைச் சொல்வதுதான் மானமுள்ள வழி என்பது என் கருத்து.

சங்கத்திடம் எல்லாவற்றையும் எதிர்பார்க்க முடியாது. கல்லூரித் தலைவர்கள் கூடி நடத்தும் அமைப்பு, தன் உறுப்பினர் தள்ளாடுவதை ஊருக்கு அறிவிக்காது. பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் பெற்றோர். அமெரிக்காவிலுள்ள நம் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலோர் தரவரிசைப் பட்டியலின் மேல்பகுதியைத் தாண்டிக் கண்ணை இறக்குவதில்லை. இறக்குங்கள். லாப நோக்கமற்ற தனியார் கல்லூரிகள் வருமான வரித் துறைக்குக் கொடுக்கும் 990 என்ற படிவம் எல்லோருக்கும் கிடைக்கும். வரவு செலவைப் பாருங்கள். ஐந்தாண்டுச் சேர்க்கை எண்ணிக்கையைக் கேளுங்கள், தயங்கிப் பதில் சொன்னால் விலகிவிடுங்கள். கணக்கு சரியாக இருந்தால் உங்கள் பிள்ளையை அழைத்துக்கொண்டு போய் ஒரு வகுப்பில் உட்காரச் சொல்லுங்கள். ஆசிரியர் மாணவர்களைப் பெயர் சொல்லி அழைக்கிறாரா என்று பாருங்கள். அழைத்தால், விண்ணப்பத்தை நிரப்புங்கள்.