கட்டில் புதுக்கியல்: ஒரு முதனிலை ஆய்வு

1. வரையறை

பழைய படுக்கையறைப் பொருள்களை விற்காமலும், எரிக்காமலும், ஊரிலுள்ள உறவினர் தலையில் கட்டாமலும், வீட்டாரே தம் கையால் தேய்த்தும் பூசியும் தைத்தும் மீண்டும் அதே அறையில் நிலைநிறுத்தும் செயல் இக்கட்டுரையில் புதுக்குதல் எனப்படும். அதன் நெறிகளை ஆராயும் துறை புதுக்கியல் ஆகும். இதனைப் பழுதுபார்த்தலோடு மயங்குதல் கூடாது. ஆடுகின்ற கட்டிற்காலை ஆடாமல் செய்வது பழுதுபார்த்தல். ஆடுகின்ற காலை ஆடவிட்டு, அதற்கு மயில்கழுத்து நிறம் பூசுவது புதுக்குதல். தச்சரையோ பெயின்டரையோ அழைத்துச் செய்விப்பவை இவ்வியலின் எல்லைக்குள் அடங்கா. அவர்கள் கை வைத்தால் வேலை முடிந்துவிடும், முடியாமல் நீள்வதோ புதுக்குதலின் தலையாய இலக்கணம்.

ஆய்வின் களம் தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பத்துப் படுக்கையறை. வினா ஒன்றே: புதிய கட்டில் மாதத் தவணையில் வீடு தேடி வரும் காலத்தில், விடுமுறை நாளையும் விரல் நகங்களையும் செலவிட்டு ஒரு குடும்பம் பழைய கட்டிலைத் தேய்த்துக்கொண்டிருப்பது ஏன்?

2. முதலும் கருவும்

தொல்காப்பியம் அகப்பொருளை முதல், கரு, உரி என மூன்றாக வகுக்கிறது. முதல் என்பது நிலமும் பொழுதும். கரு என்பது அந்நிலத்துக்குரிய பொருள்கள். உரி என்பது அங்கு வாழ்வோரின் ஒழுகலாறு. ஒரு வீட்டினுள் அகம் எனத்தக்கது படுக்கையறையே ஆதலின், அப்பகுப்பை இங்கும் கொள்வதில் இழுக்கில்லை.

நிலமாவது, ஒரு பக்கம் கட்டிலும் எதிர்ப்பக்கம் பீரோவும் நின்றபின் மனிதர் பக்கவாட்டில் மட்டுமே நடக்கக்கூடிய அறை. பெரும்பொழுது மார்கழியின் கடைசி வாரம். கழிக்க வேண்டியவற்றை மார்கழி இறுதி நாளான போகியன்று கழிக்கும் வழக்கம் இருப்பதால், எப்பொருள் வெளியேறும், எப்பொருள் தங்கும் என்னும் வழக்கு அவ்வாரத்தில்தான் மூள்கிறது. சிறுபொழுது ஞாயிற்றுக்கிழமை, உண்டபின் உறங்கக் கடமைப்பட்ட பிற்பகல்.

கருப்பொருள்களுள் முதல்வன் தேக்குக் கட்டில். தேக்கின் வயிரப்பகுதி தன்னுள் ஊறிய எண்ணெய்ப் பசையால் கரையானை எதிர்த்து நிற்பது ஆதலால், அக்கட்டில் தானாக உளுத்து வீட்டாரின் சிக்கலைத் தீர்த்துவைப்பதில்லை. அடுத்தது இரும்பு பீரோ. கோத்ரெஜ் நிறுவனம் 1923-இல் எஃகு அலமாரி செய்யத் தொடங்கிய பின், எந்தத் தெருமுனைப் பட்டறையில் வளைக்கப்பட்ட தகடாயினும் அதனைக் கோத்ரெஜ் பீரோ என்றே வழங்கும் மரபு உருவாகி நிலைத்துவிட்டது. மூன்றாவது இலவம்பஞ்சு மெத்தை. இவ்வகைப் பஞ்சுக்குத் தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர் பெயர்பெற்றது. இலவ இழை உள்ளே வெற்றிடம் கொண்டதாகவும் மேலே மெழுகுப் படிவம் உடையதாகவும் இருப்பதால் நீரை எளிதில் ஏற்காது. அதனால் ஒருகாலத்தில் கப்பற் பயணிகளின் உயிர்காப்பு உடைகளில் அடைக்கப்பட்டது. கடலில் மனிதரை மிதக்கவைத்த அதே பஞ்சு, மெத்தையில் மட்டும் அவர்களை நடுக்குழியில் மூழ்கவிடுவதன் காரணம், நாள்பட்ட அழுத்தத்தால் இழைகள் நொறுங்கிக் கட்டிதட்டிப் போவதே.

இம்மூன்றும் பெரும்பாலும் கல்யாணச் சீராக வந்தவை என்பது இவ்வியலில் அடிப்படைச் சான்று. சீராக வந்த பொருளின்மேல் சொல்லப்படும் எக்குறையும் அதனை அனுப்பிய குடும்பத்தின்மேல் சொல்லப்பட்ட குறையாகவே பதிவுசெய்யப்படும் என்பதும், அப்பதிவு எந்நாளும் அழிக்கப்படுவதில்லை என்பதும் அனைவரும் அறிந்தவை.

3. செய்முறை மரபுகள்

மரத்துக்குரிய மரபு தேய்த்தலில் தொடங்குகிறது. இதற்கான கருவி உப்புத்தாள். அதன் பின்புறத்து எண் சிறியதாயின் மணல் பெரிது, எண் பெரியதாயின் மணல் நுண்ணிது. 80-இல் தொடங்கி, 120-ஐக் கடந்து, 220-இல் முடிப்பது முறை. 80-இல் தொடங்கி, தோள் வலித்தவுடன் அங்கேயே முடித்துவிடுவது வழக்கு. முறையும் வழக்கும் முரணுமிடத்து வழக்கே வலியுடையது என்பதற்குப் பல வீட்டுக் கட்டில்களின் தலைப்பலகைகள் சான்றாகின்றன. தேய்த்தபின் பூசப்படும் பிரெஞ்ச் பாலிஷ், அரக்கைச் சாராயத்தன்மையுள்ள ஸ்பிரிட்டில் கரைத்துப் பெறுவது. அவ்வரக்கோ புரசு, இலந்தை முதலிய மரங்களின் கிளைகளில் வாழும் சிறு பூச்சிகள் சுரப்பது. துணியில் சுற்றிய பஞ்சுருண்டையால் மெல்லிய படலம் படலமாக இதனை ஏற்ற வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்த ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பூசினால், ஸ்பிரிட் ஆவியாகும்போது குளிரும் பரப்பில் ஈரம் படிந்து சிக்கிக்கொள்ள, பாலிஷ் சாம்பல் பூத்து வெளுக்கும். அடைமழைக் காலத்தில் இவ்வேலையைத் தள்ளிப்போடுவோர் சோம்பேறிகள் எனத் தூற்றப்படினும், வேதியியல் அவர்கள் பக்கமே நிற்கிறது.

கட்டிலின் மூட்டுகளைத் திறக்குமிடத்து அங்கே மூட்டைப்பூச்சிகளைக் காணுதல் கூடும். அவை ஏறத்தாழ 50 பாகை செல்சியஸ் வெப்பத்தில் மடிபவை ஆதலால், கொதிநீர் ஊற்றும் பழைய வழக்கம் அறிவியலுக்கு ஒத்ததே. ஆயினும் கொதிநீரைப் பாலிஷ் போட்டபின் ஊற்றாமல், போடுவதற்கு முன் ஊற்றுதல் நன்று.

இரும்புக்குரிய மரபு வேறு. துருவின்மேல் நேரே எனாமல் பூசினால், துரு உள்ளிருந்தபடியே வளர்ந்து பூச்சைப் பொருக்கு பொருக்காகத் தள்ளிவிடும். எனவே வயர் பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு எனப்படும் செந்நிற அடிப்பூச்சை இட்டு, அது காய்ந்தபின்னரே எனாமலை ஏற்ற வேண்டும். எண்ணெய் சார்ந்த எனாமல், காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று இறுகுவது. இரும்பைத் துருவாக்கிய அதே ஆக்சிஜன் துருவை மறைக்கும் பூச்சையும் உறுதியாக்குகிறது என்பதால், பீரோ விவகாரத்தில் ஆக்சிஜன் இருதரப்பிலும் வாதாடும் வழக்கறிஞராகத் திகழ்கிறது. இறுகுவதற்கு ஓர் இரவேனும் ஆகும். அந்த இரவில்தான், பீரோவைத் திறந்தால் மட்டுமே கிடைக்கக்கூடிய ஏதேனும் ஒரு பொருள் குடும்பத்துக்கு அவசரமாகத் தேவைப்படுகிறது.

துணிக்குரிய மரபின் மூலப்பொருள் பழைய புடவை. ஆறு கெஜம் என்பது ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் ஆதலால், ஐந்தடி உயரச் சன்னலுக்கு மடிப்புத் தையல் போக மூன்று திரைகள் தேறும். சன்னலுக்கு இரண்டு திரை வேண்டுமெனின் மூன்றாவது துணையின்றி நிற்கும். அது தலையணை உறையாகிறது, உறைக்கு வெட்டியதன் எச்சம் கால்மிதியாகிறது. வெள்ளிச் சரிகை உள்ள பழைய பட்டுகளைச் சரிகைக்கு விலை தரும் வியாபாரிகள் வாங்கிக்கொள்வதால், திரைச்சீலைப் பதவியை அடைவன பெரும்பாலும் பூனம் சேலைகளும் சாயம் மங்கிய சுங்குடிகளுமே. இன்னின்ன விசேஷத்துக்கு இன்னார் எடுத்துக்கொடுத்தது எனத் திரைதோறும் ஒரு வரலாறு இருப்பதால், வெயிலை மறைப்பதோடு உறவுமுறையை நினைவூட்டும் பணியையும் இத்திரைகள் ஆற்றுகின்றன.

4. திதரோ விதி

பிரெஞ்சு அறிஞர் தெனி திதரோ, தம் பழைய வீட்டு மேலங்கியைப் பிரிந்த வருத்தத்தைப் பற்றி 1769-இல் ஒரு கட்டுரை எழுதினார். புதிய அங்கி வந்ததும் அதனருகே மேசை மங்கலாகத் தோன்ற, மேசையை மாற்றியதும் நாற்காலி மங்கலாகத் தோன்ற, இவ்வாறே அறை முழுவதும் மாறிப் பணமும் கரைந்தது என்பது அதன் சாரம். கிராண்ட் மெக்ராக்கன் என்னும் மானிடவியலாளர் 1988-இல் இதற்குத் திதரோ விளைவு எனப் பெயரிட்டார். தமிழ்நாட்டுப் படுக்கையறையில் இவ்விதி எவ்விலக்குமின்றிச் செயற்படுகிறது. கட்டில் பளபளத்தால் பீரோ அழுக்காகத் தெரிகிறது. பீரோ நீலமானால் சுவர் மஞ்சளடித்ததாகத் தெரிகிறது. சுவர் வெளுத்தால் மின்விசிறியின் தூசி தெரிகிறது. இச்சங்கிலியில் இறுதிவரை மாறாமல் நிற்பது, நிலைக்கண்ணாடியின் ஓரத்தில் வரிசையாக ஒட்டப்பட்ட ஸ்டிக்கர் பொட்டுகள் மட்டுமே.

5. பூர்வபக்கமும் மறுப்பும்

பூர்வபக்கமாவது எதிர்வாதியின் கூற்று. அக்கூற்றுகளுள் ஒன்று, புதுக்குதலின் நோக்கம் சிக்கனம் என்பது. இது நிற்காது. உப்புத்தாள், பெயின்ட், டர்பன்டைன், தூரிகை, தரையில் சிந்தியதைத் துடைக்கும் பொருள்கள், முதுகுவலித் தைலம் ஆகியவற்றின் விலையைக் கூட்டிப் பார்த்த குடும்பம் அடுத்த முறை கூட்டிப் பார்ப்பதில்லை. மற்றொரு கூற்று, நோக்கம் அழகு என்பது. அதுவும் நிற்காது. விருந்தினர் "புதுசா வாங்குனீங்களா?" என்று கேட்டால் புதுக்குதல் வென்றது, "நீங்களே பெயின்ட் அடிச்சீங்களா?" என்று கேட்டால் தோற்றது. இரண்டாம் வினாவே பெரிதும் கேட்கப்படுவதாக இருந்தும் புதுக்குவோர் தளர்வதில்லை எனின், அவர்கள் நாடுவது அழகுக்கு அப்பாற்பட்டது என்பது பெறப்படும்.

மூன்றாவது கூற்று, தாமே செய்ததன்மேல் எழும் அன்பே நோக்கம் என்பது. இது சற்று வலியது. மைக்கேல் நார்ட்டன், டேனியல் மோகோன், டான் ஏரியலி ஆகிய மூவர் 2012-இல் வெளியிட்ட ஆய்வு, மனிதர் தாமே செய்த பொருளை அதன் தகுதிக்கு மேல் மதிக்கின்றனர் என்று காட்டிற்று. அவ்வாய்வே, வேலை முடிவுபெறாதவிடத்து அம்மதிப்பும் உண்டாவதில்லை என்றும் காட்டிற்று. முடியாமையையே இலக்கணமாகக் கொண்ட புதுக்குதலில் இந்த அன்பு எங்ஙனம் விளைகிறது என்னும் ஐயம் எழும். விடை எளிது. பீரோவின் பின்புறமும் கட்டிலின் அடிப்பக்கமும் பூசப்படாமல் இருக்கையிலேயே, "போதும், நல்லாத்தான் இருக்கு" என்று வீட்டின் மூத்தவர் ஒருவர் அறிவித்துவிடுகிறார். வேலை முடியாவிடினும் முடிவு அறிவிக்கப்படுகிறது. புதுக்கியலில் இந்த அறிவிப்பே கடைசிப் பூச்சு.

6. உரியும் முடிபும்

உரிப்பொருள் இப்போது விளங்கும். பூச்சு காயக் காத்திருப்பது இருத்தல். காய்ந்தபின் நிறத்தைப் பார்ப்பது இரங்கல். அந்நிறத்தைத் தேர்ந்தவர் யார் என ஆராய்வது ஊடல். பிரிதல் மட்டும் நிகழ்வதேயில்லை. அது நிகழாமற் காப்பதற்கே ஏனையவை அனைத்தும் நிகழ்கின்றன.

எந்தக் குடும்பத்திலும் எறிவோர், வைப்போர் என இரு கட்சிகள் உண்டு. எறிவோர்க்கு இடம் வேண்டும். வைப்போர்க்குப் பொருள் வேண்டும், ஆனால் அப்பொருளின்மேல் தமக்குப் பற்றிருப்பதை வாய்விட்டுச் சொல்ல நாணம் தடுக்கும். கட்டிலைத் தந்த தந்தையை நினைத்து அழ இயலாதவர், கட்டில் நல்ல மரம் என்று வாதிடுகிறார். உப்புத்தாள் இவ்விரு கட்சிகளுக்கும் ஓர் உடன்பாட்டை எழுதித் தருகிறது: எறிவோர்க்குப் பழைய பொருள் கண்முன் இல்லை, வைப்போர்க்கு அது வீட்டைவிட்டுப் போகவில்லை. ஆதலின் புதுக்குதல் என்பது பூச்சுவேலையின் வடிவில் நடக்கும் குடும்பச் சமாதானம் என்பதே இவ்வாய்வின் முடிபு. அச்சமாதானம் நிலைக்க வேண்டுமெனின் இந்நூல்நெறி விதிப்பது ஒன்று உண்டு: எனாமல் காய்ந்துவிட்டதா என்று எவரும் விரல் வைத்துப் பார்த்தல் கூடாது.